முக்காலில் மூன்றில் ஒன்று போனால்

பக்கத்து வீட்டுப் பையன் களியக்காவிளையைத் தாண்டி, கேரளாவில் பாறசாலைப் பக்கம் மலையாள மீடியத்தில் படிக்கிறான். நேற்று ஒரு கணக்கோடு வந்தான். முக்கால் லிட்டர் தேங்காயெண்ணெயில் 1/3 லிட்டரை எடுத்தால் மீதி எவ்வளவு? மேலே 3-இல் 1 போனால் 2, கீழே 4-இல் 3 போனால் 1, ஆக 2/1, அதாவது இரண்டு லிட்டர் என்று எழுதி வைத்திருக்கிறான். எடுக்க எடுக்க எண்ணெய் கூடுகிற பாத்திரம் கிடைத்தால் நான் வேலையை விட்டுவிடுவேன், விற்கிற விலைக்கு.

கீழே இருப்பது கழிக்கிற எண்ணே இல்லை. அந்தக் கீழ் எண்ணை நாம் பகுதி என்போம், மலையாளத்தில் சேதம் என்பார்கள். புயல் சேதம் இல்லை, சிரச்சேதத்தில் வருகிற சேதம், வெட்டு. ஒன்றை எத்தனையாக வெட்டினோம் என்பது கீழே, அதில் எத்தனை துண்டு கையில் இருக்கிறது என்பது மேலே. நாலாக வெட்டிய துண்டும் மூன்றாக வெட்டிய துண்டும் ஒரே அளவு இல்லை, அப்புறம் எப்படி எண்ணிக் கழிப்பது?

நேரான ஒரு லிட்டர் பாட்டிலில் பேனாவால் பன்னிரண்டு சமமான கோடு போட்டுக் காட்டினேன். நாலாலும் மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடுகிற சிறிய எண் அதுதான். மீச்சிறு பொது மடங்கு என்று பள்ளிக்கூடத்தில் பயமுறுத்துவார்களே, அதேதான். முக்கால் என்பது ஒன்பதாவது கோடு. மூன்றில் ஒன்று நாலு கோடு. மீதி ஐந்து கோடு, 5/12 லிட்டர், சுமார் 417 மில்லி. 3/4-ஐ 9/12 ஆக்கும்போது மேலும் கீழும் மூன்றால் பெருக்குகிறோம் இல்லையா, அது ஒவ்வொரு கால் துண்டையும் மூன்றாக நறுக்குவதுதான். துண்டு கூடும், எண்ணெய் கூடாது. மிகச் சிறிய எண்தான் வேண்டும் என்றும் இல்லை, 24 கோடு போட்டிருந்தால் 10/24 வந்திருக்கும், சுருக்கினால் அதே 5/12.

நம் பழைய கணக்கர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். முந்திரி என்றால் 1/320. (எங்கள் ஊரில் தின்கிற முந்திரிக்கு அண்டிப்பருப்பு என்று பேர், அதனால் குழப்பமில்லை.) கால் என்றால் 80 முந்திரி, அரைக்கால் 40, மாகாணி (1/16) 20, மா (1/20) 16, காணி (1/80) 4. எல்லாத் துண்டும் முதலிலேயே ஒரே அளவில் நறுக்கி வைத்தாயிற்று. 1/16-இல் 1/20 போனால் எவ்வளவு என்று இப்போது கேட்டால் பேப்பர் தேடுவோம். அவர்களுக்கு மாகாணியில் மா போனால் காணி, 1/80. விடை சொல்லுக்குள்ளேயே கிடக்கிறது! மலையாளத்திலும் இதே பெயர்கள்தான்.

ஆனால் பையனுடைய கணக்கு இதில் மாட்டாது, 320 மூன்றால் வகுபடாது. இதைச் சொன்னதும் "அப்போ 960 கோடு போடணுமா?" என்றான். போடலாம், 400 கோடு மிஞ்சும், அதுவும் 5/12-தான், ஆனால் பேனா உன்னுடையது என்றேன்.