கோல் கைமாறினால் நிலம் கைமாறும்

1381 கோடையில் இங்கிலாந்தின் எசெக்ஸ், கென்ட், ஹெர்ட்ஃபோர்டுஷயர், நார்ஃபோக் பகுதிகளில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பல ஊர்களில் பிரபுவின் மாளிகைக்குள்ளும் மடங்களுக்குள்ளும் புகுந்து, அங்கே இருந்த தோல் சுருள்களை அள்ளிவந்து கொளுத்தினார்கள். மேனர் எனப்பட்ட பிரபுவின் பண்ணையில் நடந்த நீதிமன்றத்தின் பதிவுச் சுருள்கள் அவை. எந்தக் குடியானவன் எந்த நிலத்தை வைத்திருக்கிறான், அதற்காகப் பிரபுவின் வயலில் எத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும், மகளைக் கட்டிக்கொடுக்க யார் எவ்வளவு கட்டினான் என்பதெல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. தன் அடிமைத்தனத்துக்குச் சாட்சியாக இருந்த தோலை அந்த மக்கள் எரித்ததில் வியப்பில்லை.

வியப்பு அதற்குப் பின்னால் வருகிறது. இருநூறு ஆண்டுகளுக்குள் இதே வகைச் சுருள்களைக் காட்டித்தான் குடியானவர்கள் பிரபுக்களை அரச நீதிமன்றங்களில் தோற்கடித்தார்கள். காப்பிஹோல்ட் என்ற நிலவுடைமை முறையின் கதை இது. சட்ட வரலாற்றில் இதைவிட ஏழைகளுக்குச் சாதகமாகத் திரும்பிய சடங்கு வேறொன்று எனக்குத் தெரியாது.

மேனர் என்பது ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட பண்ணைப்பரப்பு. ஒரே கிராமமாகவும் இருக்கலாம், வேக்ஃபீல்டு மேனரைப் போலப் பல ஊர்களை விழுங்கியதாகவும் இருக்கலாம். அதில் சிலர் சுதந்திர நிலம் வைத்திருந்தார்கள். அதை அரசரின் சட்டம் காத்தது. பெரும்பாலோர் வில்லன் எனப்பட்ட பண்ணையாட்கள். அவர்கள் உழுத நிலம் சட்டத்தின் கண்ணில் பிரபுவுடையது. அவன் துரத்திவிட்டால் அரச நீதிமன்றம் ஏறெடுத்தும் பார்க்காது. முறையிட வேண்டுமானால் பிரபுவின் சொந்த நீதிமன்றத்திலேயே முறையிட வேண்டும்.

1348-49 கொள்ளைநோய் மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாரிக்கொண்டு போனது. உழ ஆள் இல்லை. இருந்த ஆட்களைத் தக்கவைக்கப் பிரபுக்கள் இறங்கிவர வேண்டியதாயிற்று. கூலியில்லா உழைப்பு மெல்ல மெல்லப் பண வாடகையாக மாறியது. நிலம் மட்டும் பழைய சட்டநிலையிலேயே கிடந்தது: "பிரபுவின் விருப்பப்படி, மேனரின் வழக்காற்றுப்படி" என்பதே அதன் வாசகம். குடியானவன் கையில் இருந்த ஒரே ஆதாரம், நீதிமன்றச் சுருளில் தன் பேர் ஏறிய பகுதியின் நகல். அந்த நகலால் நிலம் வைத்திருப்பவன் என்பதால்தான் அவன் காப்பிஹோல்டர் ஆனான்.

இனி விற்பனைக்கு வருவோம். ஜான் என்று ஒரு குடியானவன், வில்லியம் என்று ஒருவனுக்குத் தன் வீட்டையும் நாலு ஏக்கரையும் விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விலை பேசி முடிந்தது. ஆனால் ஜானால் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. நிலத்தின் சட்ட உரிமை பிரபுவிடம் இருக்கிறது. இல்லாத ஒன்றை எப்படி எழுதிக்கொடுப்பது? அவனால் முடிந்தது ஒன்றுதான். வாங்கிய இடத்திலேயே நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதை வில்லியமுக்குக் கொடுங்கள் என்ற குறிப்போடு.

நீதிமன்றம் கூடும் நாளில் இருவரும் போகிறார்கள். மாளிகைக் கூடத்திலோ ஊர்ச் சத்திரத்திலோ கூட்டம் நடக்கும். பிரபு அநேகமாக வரமாட்டான். அவன் இடத்தில் ஸ்டூவர்டு எனப்படும் காரியஸ்தர் உட்கார்ந்திருப்பார். பிற்காலத்தில் அவர் பெரும்பாலும் ஒரு வக்கீல். எதிரே ஹோமேஜ் என்ற குடியானவர் குழு, சத்தியம் செய்துகொண்டு நிற்கும். போன கூட்டத்துக்குப் பிறகு யார் செத்தார், வாரிசு யார், யார் அனுமதியில்லாமல் மரம் வெட்டினார் என்பதையெல்லாம் இந்தக் குழுதான் தெரிவிக்கும். இந்த ஊரின் வழக்காறு என்ன என்று கேள்வி வந்தால் பதில் சொல்வதும் இவர்களே. பிரபுவின் நீதிமன்றம் என்று பெயர் இருந்தாலும் அதன் நினைவு குடியானவர்களின் தலைக்குள் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

ஜான் முன்னே வந்து ஒரு மரக்கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறான். காரியஸ்தரிடம் அதைக் கொடுத்து, "இன்ன வீட்டையும் நிலத்தையும் பிரபுவின் கையில் ஒப்படைக்கிறேன், வில்லியமுக்கும் அவன் வாரிசுகளுக்கும் பயன்படும்படியாக" என்கிறான். இது ஒப்படைப்பு. அடுத்து வில்லியம் வந்து தன்னைக் குடியாக ஏற்கும்படி வேண்டுகிறான். காரியஸ்தர் அதே கோலை அவனிடம் நீட்டுகிறார். அவன் பிடித்ததும் நிலம் அவனுடையது. இது ஏற்பு. வில்லியம் நுழைவுக் கட்டணம் கட்டுகிறான், பிரபுவுக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதி சொல்கிறான், எழுத்தர் சுருளில் எழுதுகிறார். கோலுக்குப் பதில் கையுறையோ வேறு பொருளோ கொடுக்கும் மேனர்களும் உண்டு. 1733 வரை, குடியரசு ஆட்சி நடந்த சில ஆண்டுகள் தவிர, இந்தப் பதிவு லத்தீனில்தான் இருந்தது. வில்லியமால் தன் நகலைத் தானே படிக்க முடிந்திருக்காது. ஆனாலும் அதைப் பெட்டியில் பூட்டி வைத்தான்.

விற்பவர்களில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருந்தால், கோலைத் தொடுவதற்கு முன் காரியஸ்தர் மனைவியைத் தனியே அழைத்துப்போய் விசாரிப்பார். கணவன் மிரட்டி இணங்க வைத்தானா, மனமுவந்து தருகிறாளா? அவள் சம்மதம் சொன்ன பிறகே ஒப்படைப்பு செல்லும். "தனியாகவும் மறைவாகவும் விசாரிக்கப்பட்டாள்" என்ற வரி சுருள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மனைவியின் சொத்துரிமையைக் கணவனே கையாண்ட காலத்தில் எழுதப்பட்ட வரி இது.

அடுத்த நீதிமன்றம் கூட மாதங்கள் ஆகும், ஜானோ சாகக் கிடக்கிறான் என்றால்? பல மேனர்களில் இரண்டு குடியானவர்கள் முன்னிலையில் படுக்கையிலிருந்தபடியே ஒப்படைக்கலாம். அடுத்த கூட்டத்தில் அவர்கள் வந்து அதைத் தெரிவிக்க வேண்டும்.

சட்டத்தின் நுட்பம் ஒப்படைப்புக்கும் ஏற்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. ஜான் ஒப்படைத்துவிட்டான், வில்லியம் இன்னும் ஏற்கப்படவில்லை. இப்போது குடி யார்? ஜான்தான். வாடகைக்கும் சேவைக்கும் அவனே பொறுப்பு. ஆனால் அவன் மனம் மாறி அதே நிலத்தை வேறொருவனுக்கு ஒப்படைத்தால் அது செல்லாது. வில்லியம் எப்போது ஏற்கப்பட்டாலும் அவன் உரிமை ஒப்படைப்பு நடந்த நாளுக்கே பின்னோக்கிப் போய்ச் சேரும். விலை கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனுக்கு இது பெரிய காப்பு.

இந்த இடைவெளியையே கடன் வாங்கவும் பயன்படுத்தினார்கள். பணம் தேவைப்பட்டவன் கடன் கொடுப்பவன் பேருக்கு நிபந்தனையோடு ஒப்படைப்பான்: இன்ன தேதிக்குள் அசலும் வட்டியும் கட்டினால் இந்த ஒப்படைப்பு செல்லாது. கடன் கொடுத்தவன் ஏற்புக்குப் போகாமல் சும்மா இருப்பான், நுழைவுக் கட்டணமும் மிச்சம். பணம் திரும்பியதும் சுருளில் கணக்குத் தீர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். அடமானம் வைப்பதும் மீட்பதும் எல்லோரும் பார்க்கும் பதிவில் நடந்தன.

உயில் விஷயத்தில் ஒரு சுற்றுவழி இருந்தது. நிலத்தை உயிலால் கொடுக்க 1540இல் நாடாளுமன்றம் அனுமதித்தபோது காப்பிஹோல்ட் அதில் சேரவில்லை. அதனால் குடியானவன் உயிரோடு இருக்கும்போதே "என் உயிலின் பயனுக்காக" என்று பிரபுவிடம் ஒப்படைத்துவிடுவான். பிறகு உயிலில் யார் பேரை எழுதுகிறானோ அவர் ஏற்கப்படுவார். 1815இல் ஒரு சட்டம் வந்து இந்தத் தேவையை நீக்கியது.

உயில் இல்லாமல் செத்தால் ஊர் வழக்காறு முடிவு செய்யும். சில மேனர்களில் மூத்த மகன், சிலவற்றில் கடைசி மகன். விதவைக்கு அவள் உயிருள்ளவரை ஒரு பங்கோ முழு நிலமோ கிடைத்த ஊர்கள் ஏராளம். செத்தவனின் சிறந்த கால்நடை ஒன்றைப் பிரபு ஓட்டிக்கொண்டு போகும் வழக்கமும் பரவலாக இருந்தது. துக்க வீட்டிலிருந்து மாட்டை அவிழ்த்துப் போவதை எந்த வழக்காறாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அமைப்பின் உயிர்நாடி நுழைவுக் கட்டணம். வாடகை வழக்காற்றால் உறைந்துபோனது, விலைவாசி ஏறினாலும் அதை ஏற்ற முடியாது. எனவே 16ஆம் நூற்றாண்டில் விலைகள் ஏறியபோது பிரபுக்கள் கட்டணத்தில் கை வைத்தார்கள். சில மேனர்களில் கட்டணம் நிலையானது, அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை. நிலையில்லாத இடங்களில் கட்ட முடியாத தொகையைக் கேட்டு வாரிசை விரட்டலாம். 1549இல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் எழுந்தவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இது இருக்கிறது. குடியானவன் இறந்தாலோ நிலத்தை விற்றாலோ, ஓர் அடையாளத்துக்காகக் காயடித்த சேவல் ஒன்றையோ நியாயமான சிறு தொகையையோ மட்டும் வாங்க வேண்டும் என்று கேட்டார்கள். கெட் தூக்கிலிடப்பட்டார். ஆனால் அடுத்த நூற்றாண்டுக்குள் அரச நீதிமன்றங்கள் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்றும், நிலத்தின் இரண்டு ஆண்டு மதிப்பைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு கட்டிவிட்டன.

அந்த நீதிமன்றங்கள் எப்போது காப்பிஹோல்டர் பக்கம் திரும்பின? 15ஆம் நூற்றாண்டில், சட்டத்தின் எழுத்தைவிட நியாயத்தைப் பார்த்த சான்சரி என்ற அரச நீதிமன்றம் அவர்கள் மனுக்களைக் கேட்கத் தொடங்கியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பொதுச் சட்ட நீதிமன்றங்களும் கதவைத் திறந்தன. அவை வைத்த வாதம் எளிமையானது: "பிரபுவின் விருப்பப்படி" என்று எழுதியிருக்கிறது, சரி, அதையடுத்து "வழக்காற்றுப்படி" என்றும் எழுதியிருக்கிறதே. வழக்காறு சொல்வதைத்தான் பிரபு விரும்ப முடியும். முறையாக ஒப்படைக்கப்பட்ட நிலத்துக்கு வில்லியமை ஏற்க மாட்டேன் என்று அவன் சொல்ல முடியாது. நிலம் ஜானிடமிருந்து வில்லியமுக்குப் போகிறது. பிரபு வெறும் வாய்க்கால். தலைமை நீதிபதியாக இருந்த எட்வர்டு கோக், காப்பிஹோல்டர்கள் இப்போது உறுதியான தரையில் நிற்கிறார்கள், பிரபுவின் கோபத்தை அவர்கள் பொருட்படுத்துவதில்லை என்று எழுதினார். வழக்காறு என்ன என்பதற்குச் சாட்சி எது? அதே சுருள்கள்.

இந்தியச் சட்ட மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த ஹெய்டன் வழக்கு இந்த வயல்களிலிருந்துதான் முளைத்தது. டெவன் பகுதியில் ஓட்டரி என்ற ஊரின் மதக் கல்லூரி, வேர் என்ற தந்தைக்கும் மகனுக்கும் ஆயுட்கால காப்பிஹோல்டாக நிலம் கொடுத்திருந்தது. பிறகு அதே நிலத்தை ஹெய்டன் என்பவருக்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. மடங்களைக் கலைத்த 1539ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்தக் குத்தகை செல்லுமா என்ற கேள்வி வந்தது. 1584இல் தீர்ப்பு வந்தது: குத்தகை செல்லாது. ஒரு சட்டம் எந்தக் குறையைத் தீர்க்க வந்ததோ அதை மனதில் வைத்து அதற்குப் பொருள் கொள்ள வேண்டும் என்ற விதி அந்தத் தீர்ப்பில் பிறந்தது. 1955இல் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் அதை எடுத்தாண்டது.

சுருள்களின் இன்னொரு மதிப்பு அதிகம் பேசப்படுவதில்லை. சுதந்திர நிலம் வைத்திருந்த கனவானிடம் இருந்தது ஒரு பெட்டி நிறையப் பத்திரங்கள். வில்லங்கம் பார்க்கப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பழகிய நமக்கு, அப்படி ஒரு அலுவலகமே இல்லாத நாட்டில் நிலம் வாங்குவதை நினைத்துப் பார்க்கவே கஷ்டம். பெட்டி எரிந்தாலோ, ஒரு பத்திரம் ஒளித்து வைக்கப்பட்டாலோ உரிமை ஆட்டம் காணும். காப்பிஹோல்டருக்கு அந்தக் கவலை குறைவு. யார் விற்றார், யார் வாங்கினார், என்ன கடன் நிற்கிறது என்பது ஊரறிய ஒரே பதிவில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யார்க்ஷயரிலும் மிடில்செக்ஸிலும் பத்திரப் பதிவகங்கள் ஏற்படுத்தப்பட்டபோது, காப்பிஹோல்ட் நிலத்தை அந்தச் சட்டங்கள் சேர்க்கவே இல்லை. நாடு முழுவதற்குமான நிலப் பதிவகம் 1862இல்தான் வந்தது. தாழ்ந்ததாகக் கருதப்பட்ட நிலத்துக்குத்தான் நல்ல பதிவேடு இருந்தது.

குறைகளும் இருந்தன, சிறியவை அல்ல. அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கு விட்டால் பல ஊர்களில் நிலம் பறிபோகும். நிலத்தில் நிற்கும் பெருமரத்தைக் குடி வெட்டக்கூடாது, அது பிரபுவுடையது. பிரபுவும் குடியின் சம்மதமில்லாமல் உள்ளே வந்து வெட்ட முடியாது. நிலக்கரிக்கும் பெரும்பாலும் இதே முட்டுக்கட்டைதான். தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகியபோது இது பொறுக்க முடியாததாயிற்று. 1841 முதல் வரிசையாகச் சட்டங்கள் வந்து, பிரபுவுக்கு ஈடு கொடுத்துக் காப்பிஹோல்டைச் சுதந்திர நிலமாக மாற்ற வழி செய்தன. அந்த 1841ஆம் ஆண்டுச் சட்டம், குடியானவர் எவரும் இல்லாமலே காரியஸ்தர் நீதிமன்றம் நடத்தலாம் என்றும் அனுமதித்தது. ஹோமேஜின் கண்முன் நடந்த சடங்கு இப்படித்தான் வக்கீல் மேசைக்கு நகர்ந்தது.

1922ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் முழுமையாக முற்றுப்புள்ளி வைத்தது. 1926 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த காப்பிஹோல்ட் அனைத்தும் ஒரே நாளில் சுதந்திர நிலமாயின. ஆனாலும் சில வகை உரிமைகளை, குறிப்பாக நிலத்தடிக் கனிமத்தையும் வேட்டையையும், பிரபுக்களுக்கே அந்தச் சட்டம் விட்டுவைத்தது. 2013 அக்டோபருக்குள் பதிவேட்டில் குறிக்கப்படாத மேனர் உரிமைகள் பிறகு வாங்குபவரைக் கட்டுப்படுத்தாமல் போகலாம் என்ற நிலை வந்ததும், வாரிசுகள் அவசரமாக விண்ணப்பித்தார்கள். தங்கள் தோட்டத்துக்கு அடியில் யாரோ ஒரு பிரபுவுக்குப் பங்கு இருக்கிறது என்று பல ஊர்களில் வீட்டுக்காரர்களுக்குக் கடிதம் போய், அவர்கள் பதறிப்போனார்கள்.

சுருள்களுக்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. காப்பிஹோல்ட் ஒழிந்தபோது உரிமைகளை நிரூபிக்க அவை தேவைப்படும் என்பதால் 1920களில் அவற்றுக்கென்று தனி மேற்பார்வை ஏற்பட்டது; எந்த மேனரின் ஆவணம் எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டை இன்று தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. வேக்ஃபீல்டு மேனரின் சுருள்கள் 1274 முதல் 1925 வரை ஏறக்குறைய இடைவெளியில்லாமல் கிடைக்கின்றன. லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவற்றை ஆண்டுவாரியாக மொழிபெயர்த்து அச்சிடும் வேலை தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.