கட்டடம் வரும், குளிசை வருமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேலான மண்முனைப் பாலம் 2014இல் ஜப்பானின் உதவியோடு திறக்கப்பட்டது. அதற்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால், ‘பாதை’ என்கிற மிதவையில் ஏற்றித்தான் வாவியைக் கடக்கவேண்டும். வெளிநாட்டுக் காசு உயிர் காக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்கும் பிரஷருக்கும் அந்தக் காசு வருகிறதா? இவை போன்ற தொற்றா நோய்களால் உலகில் ஆண்டுதோறும் 4 கோடிக்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நம்மைப் போன்ற வறிய, நடுத்தர வருமான நாடுகளில். ஆனால் வளரும் நாடுகளின் சுகாதாரத்துக்கு வரும் உதவியில் இந்நோய்களுக்குக் கிடைப்பது நூற்றுக்கு ஏறத்தாழ 2 ரூபாய்தான்.

இலங்கையில் மலேரியாவை ஒழிக்க உலக நிதியம் (Global Fund) உதவியது. 2016இல் மலேரியா அற்ற நாடென்ற சான்றும் கிடைத்தது. நீரிழிவுக்கு அப்படியொரு முடிவு நாள் கிடையாது. சீனிக்கு மெட்போமினும் பிரஷருக்கு லொசாட்டனும் ஆயுள் முழுக்க வேண்டும். உதவித் திட்டங்களோ ஐந்து வருடத்துக்குள் மூட்டை கட்டிவிடும். சீனி பார்க்கும் குளுக்கோமீட்டர் தந்துவிட்டுப் போவார்கள், அப்புறம் அதில் இரத்தத் துளி வைக்கும் ஸ்ட்ரிப் இருக்காது.

2022 நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டபோது, வைத்தியர்களாகிய நாங்கள் துண்டு எழுதி வெளிப் பாமசிக்கு அனுப்பினோம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் கூலிக்கு வயல் வேலை செய்யும் ஓர் அம்மா, அந்தத் துண்டைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்தபடியே மூன்று மாதம் கழித்து வந்தார். "உடம்பு நல்லாத்தான் இருந்திச்சி டொக்டர், மறுகா ஏன் காசு செலவழிப்பான் எண்டு விட்டுட்டன்." பெருவிரலில் முள் குத்திய புண் கறுத்திருந்தது. அவருக்கு நோகவேயில்லை. பல வருடச் சீனி நரம்பை மரக்கச் செய்திருந்தது. குளிசை நின்று சீனி ஏறியதால் புண் ஆறவில்லை. விரலை எடுக்கவேண்டி வந்தது. அவர் வாங்காத குளிசையின் சொற்ப விலையைக் கேட்டால் உங்களுக்கே மனம் பதறும்.

சுவிஸிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர்கள் டயலிசிஸ் இயந்திரம் அனுப்ப ஆசைப்படுகிறார்கள். நல்ல மனம். ஆனால் சீனியும் பிரஷரும் சிறுநீரகத்தைக் கெடுக்குமுன் தடுக்கத்தான் நான் கேட்பேன்: கிராமத்து வைத்தியசாலைக்கு ஸ்ட்ரிப், பிரஷர் பார்க்கும் கருவி, கிளினிக்குக்கு வராமல் விட்டவரை வீடு தேடிப் போகும் ஒருவருக்குச் சம்பளம். அதுவும் ஒரு தடவையோடு நில்லாமல், வருடாவருடம்.

உள்ளூரில் இருப்பதையாவது பயன்படுத்துவோம். ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் சீனி, பிரஷர், எடை எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். வருவது பெரும்பாலும் பெண்கள்தான். வயலுக்கும் கடலுக்கும் போகிற ஆண்களே, 35 வயது தாண்டியிருந்தால் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றோடு வாருங்கள். தேத்தண்ணியைப் பரிசோதனை முடிந்தபிறகு குடிக்கலாம்.