டிபிஎஃப் வண்டிக்கு ஆயில் வாங்குறப்போ டின்னோட பின்பக்கத்தையும் படிங்க

டிபிஎஃப், அதாவது புகையில வர்ற கரியப் பிடிக்கிற ஃபில்டர் அடைச்சு, லிம்ப் மோடுல (இன்ஜின் தன்னக் காப்பாத்திக்க சக்தியக் கொறைச்சுக்கிட்டு) தவழ்ந்து வர்ற டீசல் வண்டி எதுவா இருந்தாலும் ஓனர்கிட்ட நான் மொதல்ல கேக்குறது என்ன ஆயில் ஊத்துனீங்கன்னுதான். "5டபிள்யூ-30 சார், மேனுவல்ல போட்ட அதே கிரேடுதான்"ம்பாங்க. அந்த நம்பர் ஆயிலோட கெட்டித்தன்மைய மட்டும்தான் சொல்லுது. ஒரே 5டபிள்யூ-30ல, ஏசிஇஏங்குற ஐரோப்பிய வாகனத் தயாரிப்பாளர் சங்கத்தோட தரப் பிரிவுப்படி, ஏ3/பி4 ஆயிலும் கிடைக்குது, சி3 ஆயிலும் கிடைக்குது, ஊத்திப் பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, ஆனா எரிஞ்சா மிஞ்சுற சாம்பல் ஏ3/பி4ல 1.6 சதவீதம் வரைக்கும் இருக்கலாம், சி3ல 0.8ஐத் தாண்டக்கூடாது.

எவ்ளோ நல்ல இன்ஜினா இருந்தாலும் ரிங் வழியா, டர்போ வழியா கொஞ்சம் ஆயில் எரியத்தான் செய்யும். ஆயில்ல இருக்குற கால்சியம், மெக்னீசியம், ஜிங்க் எல்லாம் எரிஞ்சு காணாமப் போற சாமான் இல்ல, அது சாம்பலா டிபிஎஃப்லதான் போய் உக்காரும். கரி 600 டிகிரி பக்கம் சூடு ஏறுனா எரிஞ்சுடும், ரீஜெனரேஷன் பண்றது அதத்தான். சாம்பல் ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்சது, ஸ்கேனர் போட்டு எத்தன தடவ ஃபோர்ஸ்டு ரீஜென் அடிச்சாலும் அசையாது. வீணாப்போன ஃபில்டர நீளவாக்குல அறுத்துப் பாருங்க, ஒவ்வொரு குழாயோட கடைசி முனையிலயும் வெளிர் சாம்பல் கலர்ல பவுடர் இறுகி அடைச்சிருக்கும், கரி சேர்றதுக்கு இடமே இருக்காது, அதனாலதான் ரீஜென் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே மறுபடி லைட் எரியுது.

ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிற வண்டி லட்சம் கிலோமீட்டர்ல 20 லிட்டர் எரிக்கும், அது ஏறக்குறைய 17 கிலோ. 0.8 சதவீத ஆயில்னா 136 கிராம் சாம்பல், 1.6னா 272 கிராம். ஃபில்டரோட ஆயுசு பாதியாகுறது இப்டித்தான்.

சி3 மாதிரி லோ ஆஷ் (சாம்பல் கம்மியான) ஆயில் ஊத்துனா இன்ஜின் தேய்ஞ்சுடும்னு ஒரு பயம் ரொம்ப நாளா ஓடுது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவுல ஆயில் படலம் எவ்ளோ தாங்கும்னு 150 டிகிரில அளக்குற எச்டிஎச்எஸ் அளவு சி3க்கும் 3.5க்குக் கொறையக்கூடாது, ஏ3/பி4க்கும் அதேதான். ஆனா சி5 அப்டி இல்ல, அது 2.9க்கும் கீழ. மைலேஜ் கூடுதுன்னு சி3 கேக்குற இன்ஜின்ல சி5 ஊத்தாதீங்க, தேய்மானம் அங்கதான் ஆரம்பிக்கும். லாரி ஆயில்லயும் இதே கதைதான், கெட்டியான சிகே-4ம் மெல்லிசான எஃப்ஏ-4ம் ஒண்ணுக்கொண்ணு மாத்தி ஊத்துற சாமான் இல்ல.

இன்னொண்ணு, சி3ல அமிலத்த அடக்குற சக்தி, அதாவது டிபிஎன், கொஞ்சம் கம்மிதான். சல்ஃபர் கம்மியான டீசல்ல பிரச்சினையே வராது, சல்ஃபர் ஜாஸ்தியான டீசல் போட்டு ஓட்றவங்க ஆயில் மாத்துற இடைவெளியக் கொறைச்சே ஆகணும்.

எனக்கு இத விடப் பெரிய கவல டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பாக்குற கம்பி, காட்டுற அளவு. சின்னச் சின்ன தூரம் ஓட்டி ரீஜென பாதியிலயே நிறுத்துற வண்டிகள்ல, சூடு ஏத்துறதுக்காக சிலிண்டர்ல லேட்டா அடிக்கிற டீசல் சுவர் வழியா எறங்கி ஆயில்ல கலந்துடும். ஆயில் கொறையாம மேக்ஸ் கோட்டுக்கு மேல ஏறியிருந்தா, மோந்து பாத்தா டீசல் வாடை அடிச்சா, "பரவால்ல, ஆயிலே குடிக்கல"ன்னு சந்தோஷப்படாதீங்க. அது நீர்த்துப்போன ஆயில், பேரிங்கத் தேய்க்கும், டர்போவையும் கெடுக்கும். கிலோமீட்டர் பாக்காம உடனே மாத்துங்க, கூடவே ரீஜென் ஏன் முடியலன்னு செக் பண்ணச் சொல்லுங்க.

தேய்மானத்தக் கொறைக்குதுன்னு விக்கிற ஜிங்க் பாட்டில் எதையும் டிபிஎஃப் வண்டில ஊத்த வேணாம், லோ ஆஷ்னு காசு குடுத்து வாங்குன ஆயில்லயே சாம்பலச் சேக்குற வேலை அது. டாப்அப்க்கும் அதே ஸ்பெக் ஆயில்தான். சர்வீஸ் பில்லுல வெறும் 5டபிள்யூ-30ன்னு எழுதாம சி3யா என்னன்னும் எழுதச் சொல்லிக் கேளுங்க, அடுத்த தடவ வேற கடைக்குப் போனாலும் அது உதவும்.