கிரீன் பெல்ட்: சொல் விளக்கம்

“கிரீன் பெல்ட் நிலத்தில் கழிவு மறுசுழற்சி நிலையம், ஊர்மக்கள் எதிர்ப்பு.” இங்கிலாந்திலிருந்து இப்படிச் செய்தி வரும்போது, நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஆலை மதிலை ஒட்டி நட்டுவைத்த மரவரிசைதான். நம் நாட்டில் அந்தச் சொல்லின் பொருளும் அதுதானே. சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் ஆலைகளிடம் பொதுவாக வளாகப் பரப்பில் ஒரு பகுதியில் மரம் வளர்க்கச் சொல்வார்கள். அதைத்தான் கிரீன் பெல்ட் என்கிறோம். இதே பொருளோடு அந்தச் செய்தியைப் படித்தால், நாலு மரத்துக்காகவா இவ்வளவு போராட்டம் என்று தோன்றிவிடும். அந்த ஊர்மக்களுக்கு அது பெரிய அநியாயம்.

அங்கே கிரீன் பெல்ட் என்பது நிலத்தின் மீது விழுந்த கட்டடத் தடை. நகரம் வீங்கி அடுத்த ஊரோடு ஒட்டிக்கொள்ளாதபடி, சுற்றிலும் விட்டுவைத்த நிலம். அதில் வயல் இருக்கும், மேய்ச்சல் நிலம் இருக்கும், குதிரை லாயமும் கோல்ஃப் மைதானமும் இருக்கும். பெரும்பகுதி தனியார் நிலம் என்பதால் ‘புறம்போக்கு’ என்று எழுதுவதும் தவறு. இங்கிலாந்தின் பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இந்த வகையில் சேரும்.

‘பெல்ட்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில், வாளைத் தொங்கவிடும் வாரைக் குறித்த ‘பால்டியஸ்’. லண்டனுக்கு எல்லை கட்டும் எண்ணமும் பழையது. 1580-இலேயே முதலாம் எலிசபெத், நகர வாயில்களிலிருந்து மூன்று மைலுக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று ஆணையிட்டார். ‘கிரீன் பெல்ட்’ என்ற பெயரை, லண்டனின் ஸ்விஸ் காட்டேஜ் வயல்களைக் காக்க 1875-இல் போராடிய ஆக்டேவியா ஹில் என்ற அம்மையாரோடு சேர்த்துச் சொல்வார்கள். சட்டத்தில் அது ஏறியது 1938-இல், லண்டனுக்காக. 1955-இல் வீட்டுவசதி அமைச்சர் டங்கன் சாண்டிஸ் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது.

இன்றைய தேசியத் திட்டக் கொள்கை இதற்கு ஐந்து நோக்கங்கள் சொல்கிறது. ஐந்தாவதைக் கவனியுங்கள்: நகரத்துக்குள் பாழாய்க் கிடக்கும் நிலத்தை மறுசுழற்சி செய்ய ஊக்கம் தருவது. ஆம், அதே சொல்தான். குப்பைக்கு முன் நிலத்தை மறுபடி பயன்படுத்து என்கிறது கொள்கை. 2014-இல் வந்த கழிவுக் கொள்கையும், முதலில் கிரீன் பெல்ட்டுக்கு வெளியே இடம் தேடச் சொல்கிறது. ஊர்மக்கள் இதைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். “மறுசுழற்சி வேண்டாம்” என்று யாரும் சொல்வதில்லை. அவர்கள் கவலை வேறு: இருபுறமும் வேலி மண்டிய ஒற்றைச் சாலை. எதிரே கார் வந்தாலே ஒன்று பின்வாங்கியாக வேண்டும். அந்தச் சாலையில் நாள் முழுக்க லாரி போனால்? விளக்குக் கம்பத்தில் திட்ட அறிவிப்பைக் கட்டிவிட்டால், ஆட்சேபம் எழுத வழக்கமாக 21 நாள் கிடைக்கும். “என் வீட்டு விலை குறையும்” என்று எழுதினால் செல்லாது. நிலத்தின் வெட்டவெளித் தன்மை கெடும் என்று காட்ட வேண்டும். அந்தக் கேட்டையும் மற்றக் கேடுகளையும் தெளிவாக மிஞ்சும் ‘மிகச் சிறப்பான காரணம்’ இருந்தால்தான் அனுமதி.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஹாட்ஃபீல்டு நகருக்கு அருகே நியூ பார்ன்ஃபீல்டில் நடந்தது இதுதான். ஆண்டுக்கு 3,80,000 டன் கழிவைக் கையாளும் நிலையம்; பெயரில் ‘மறுசுழற்சி’ இருந்தது, முக்கிய வேலையோ எரித்து மின்சாரம் எடுப்பது. கவுண்டி மன்றம் (மாவட்ட அளவிலான உள்ளாட்சி) ஆதரித்தது, மக்கள் எதிர்த்தார்கள். 2014-இல் அமைச்சர் மறுத்தார். அந்த முடிவு நீதிமன்றத்தில் ரத்தாகி, 2015-இல் மீண்டும் மறுக்கப்பட்டது. பெயர்ப்பலகையில் உள்ள சொல்லை நம்பாமல், உள்ளே என்ன நடக்கும் என்று கேட்ட அந்த மக்களை நான் மனமார மதிக்கிறேன்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘பசுமைப் பட்டை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பட்டை என்றால் நீள்கோடு, அல்லது மரப்பட்டை. நகரைச் சூழ்வது என்ற பொருள் அதில் வராது. கோட்டையைச் சுற்றி வளர்த்த காவற்காட்டுக்குச் சங்கத் தமிழில் ‘மிளை’ என்று அழகான சொல் உண்டு. ஆனால் மிளை பகைவரிடமிருந்து ஊரைக் காத்தது. இங்கே ஊரிடமிருந்து நிலத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ‘பசுமை வளையம்’ என்பதே என் தேர்வு. முதல்முறை எழுதும்போது ‘கட்டடத் தடையுள்ள பசுமை வளையம்’ என்று விரித்துவிட்டால் குழப்பம் வராது. ஆலை வளாகத்து மரங்களுக்கு ‘மர அரண்’ என்று தனியே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

2024 டிசம்பரில் ‘கிரே பெல்ட்’ என்ற புதுச் சொல்லும் கொள்கையில் நுழைந்துவிட்டது. வளையத்துக்குள்ளேயே, முன்பு கட்டடம் இருந்த நிலமோ வேறு நிலமோ, அதன் முக்கிய நோக்கங்களுக்குப் பெரிதாக உதவாத நிலம் என்று பொருள். அங்கே அனுமதி பெறுவது எளிதாகியிருக்கிறது. இதைச் ‘சாம்பல் வளையம்’ என்று பெயர்க்காதீர்கள். கழிவு எரிப்பு பற்றிய செய்தியில் எரித்த சாம்பல் என்றே படிப்பார்கள். ‘தளர்த்தப்பட்ட வளைய நிலம்’ என்று விளக்கி எழுதுவது நல்லது.