வெள்ளியில் லட்சுமி எப்படி வந்தாள்?

வெள்ளிக் கோளில் 'லட்சுமி பீடபூமி' இருக்கிறது என்று யாராவது பகிர்ந்தால், அது உண்மைதான். நம் முன்னோர் அந்த இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் என்று கூடவே ஒட்டிவரும் வால்தான் பொய். வெள்ளியின் தரையை அடர்ந்த மேகம் மூடியிருக்கிறது. ரேடார் வந்த பிறகே அங்கே மேடு எது, பள்ளம் எது என்று தெரிந்தது.

பெயர் சூட்டும் அதிகாரம் 1919-இல் தொடங்கிய சர்வதேச வானியல் ஒன்றியத்திடம் இருக்கிறது. ஒவ்வொரு கோளுக்கும் ஒரு கருப்பொருள் உண்டு. வெள்ளிக்குப் பெண்கள். செல்வம் தரும் தெய்வம் என்பதால் லட்சுமி ஒரு பீடபூமிக்குப் பெயரானாள். அவளைச் சுற்றி நிற்கும் மலைகளைப் பாருங்கள்: மேற்கே மாயா மக்களின் அக்னா, வடக்கே வட ஐரோப்பாவின் நார்ஸ் தெய்வம் ஃப்ரேயா, தெற்கே அயர்லாந்தின் டானு. கிழக்கே மட்டும் ஓர் ஆண், இயற்பியலாளர் மேக்ஸ்வெல். சுமார் 11 கி.மீ. உயரமுள்ள அந்த மலைக்குப் பெயர் வைத்த பிறகுதான் பெண்கள் விதி வந்தது. இத்தனை நாட்டுத் தெய்வங்கள் ஒரே பீடபூமியைச் சுற்றி நிற்பதைப் பார்த்தாலே, இது குழு கூடி எடுத்த முடிவு என்பது விளங்கிவிடும்.

வியாழனின் நிலவான அயோவில் எரிமலைகள் அதிகம். அதனால் நெருப்பு, சூரிய, இடி தெய்வங்களின் பெயர்கள். நம் சூரிய தேவனின் பெயரும் அங்கே உண்டு. செவ்வாயின் பெரிய பள்ளத்தாக்குகளுக்கு அந்தக் கோளின் பெயரையே பல மொழிகளில் வைத்திருக்கிறார்கள். செவ்வாயின் வடமொழிப் பெயரான 'மங்கள' அவற்றில் ஒன்று. சீரிஸ் குறுங்கோளுக்கு வேளாண்மை. அங்குள்ள தனி மலையான 'அஹுனா', நாகாலாந்தின் சுமி நாகா மக்களின் அறுவடைத் திருநாள். இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. பழங்குடி மக்களின் விழா ஒன்று விண்வெளி வரைபடத்தில் நிலைத்துவிட்டது.

அறிவிப்பு வேறு, ஒப்புதல் வேறு. சந்திரயான்-3 தரையிறங்கிய இடத்துக்கு 'சிவ சக்தி' என்ற பெயர் 2023 ஆகஸ்ட் 26-இல் அறிவிக்கப்பட்டது. ஒன்றியத்தின் ஒப்புதல் 2024 மார்ச் 19-இல்தான் கிடைத்தது. பணம் வாங்கிக்கொண்டு நிலவுப் பள்ளத்துக்கு உங்கள் பெயரைச் சூட்டுவதாகச் சான்றிதழ் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. மனிதர் பெயர் என்றால் அவர் இறந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கவும் வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் பராமரிக்கும் கோள் பெயர்ப் பட்டியலை இணையத்தில் திறந்து, முதலில் கோளை அல்லது நிலவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு பெயரைத் தேடி, அது ஏற்கப்பட்டதா, எந்த ஆண்டு, பெயரின் மூலம் என்ன என்ற மூன்றையும் படியுங்கள். எழுத்துக்கூட்டலில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். புதனில் கலைஞர்களின் பெயர் தாங்கிய பள்ளங்களில் திருவையாற்றுத் தியாகராஜருக்கும் ஒன்று உண்டு, கிட்டத்தட்ட 100 கி.மீ. அகலம். ஆனால் நாம் ஆங்கிலத்தில் 'டி'-க்கு அடுத்து 'எச்' சேர்த்துத் தேடினால் பட்டியல் கைவிரித்துவிடும். அந்த 'எச்' இல்லாமல் தேடுங்கள், கிடைப்பார்.