ஜேசிபி வரும் முன்பே அளக்க வேண்டிய சத்தம்

சத்தம் அளக்கப் போகிறவர்கள் தெருவில் இறங்கியதும் முதலில் கைக்குள் அடங்கும் உருளை ஒன்றை எடுத்து ஒலி அளக்கும் மீட்டரின் மைக்கில் செருகுவார்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரே சீராக ஓர் ஒலி எழும். நொடிக்கு 1,000 அதிர்வு, அளவு 94 டெசிபல். மீட்டரும் 94 காட்டினால் வேலையைத் தொடங்கலாம். எல்லாம் முடிந்து மூட்டை கட்டும் முன் இதையே மறுபடி செய்வார்கள். முதலுக்கும் கடைசிக்கும் நடுவே அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால், இடையில் அளந்ததை நம்ப முடியாது. 24 மணி நேரம் கண்விழித்து அளந்திருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இவ்வளவு கறார் எதற்கு? ரோட்டை அகலப்படுத்தவோ மேம்பாலம் கட்டவோ இயந்திரங்கள் தெருவுக்குள் நுழைந்த பிறகு, "முன்னே இங்கே எப்படி இருந்தது?" என்று கேட்டால் காட்ட எதுவும் மிஞ்சாது. தூசி என்றால் ஜன்னலில் படிந்திருக்கும். அதிர்வு என்றால் சுவரில் விரிசலாவது தெரியும். சத்தம் எந்தத் தடயத்தையும் விட்டுப் போவதில்லை. வேலை தொடங்கும் முன் அளந்த எண் ஒன்றுதான் அந்தத் தெருவுக்கு இருக்கும் ஒரே சாட்சி.

அந்த எண்ணைப் பிடிப்பது நினைப்பதைவிடச் சிரமம். டெசிபல் நாம் பழகிய கூட்டல் கணக்கில் நடப்பதில்லை. 10 டெசிபல் ஏறினால் ஒலி ஆற்றல் 10 மடங்காகிறது. 20 ஏறினால் 100 மடங்கு. ஒரே மாதிரி இரண்டு ஜெனரேட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால் சத்தம் இரட்டிப்பு எண்ணாக ஏறாது, 3 டெசிபல்தான் கூடும். இதனால்தான் சராசரி எடுக்கும்போது விபரீதமாகிறது.

ஓர் அமைதியான தெருவில் ஒரு மணி நேரம் அளக்கிறோம் என்று வையுங்கள். முழு நேரமும் 55 டெசிபல். நடுவில் ஒரு லாரி மீட்டருக்குப் பக்கத்தில் வந்து 5 நொடி ஏர்ஹாரன் அடிக்கிறது, 100 டெசிபலில். அந்த மணி நேரத்தின் ஆற்றல் சராசரியைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 71.5 வரும். 3,595 நொடி அமைதியாக இருந்த தெரு, வெறும் 5 நொடியால் காகிதத்தில் சந்தடி மிக்க கடைத்தெருவாகிவிட்டது. இந்தச் சராசரியைத்தான் அறிக்கைகளில் 'எல்-ஈக்யூ' என்று போடுவார்கள். அது தவறான அளவு இல்லை. காதுக்குள் மொத்தம் எவ்வளவு ஆற்றல் போனது என்பதை அது சரியாகச் சொல்கிறது. ஆனால் 'இந்தத் தெரு இயல்பில் எப்படி இருக்கும்?' என்று அதனிடம் கேட்டால் ஹாரன் அடித்தவரைப் பற்றித்தான் பதில் வரும்.

அதற்கென்றே 'எல்-90' என்ற இன்னொரு அளவு உண்டு. மொத்த நேரத்தில் 90 சதவீதம் சத்தம் எந்த மட்டத்துக்கு மேலே இருந்ததோ, அந்த மட்டம். ஒரு மணி நேரத்தில் 54 நிமிடம் அதற்கு மேல், 6 நிமிடம் மட்டும் அதற்குக் கீழ். வண்டிகள் கடந்துபோய், நாய் குரைத்து ஓய்ந்து, யாரும் பேசாத இடைவெளிகளில் அடியில் எஞ்சி நிற்கிறதே, அதுதான் பின்னணிச் சத்தம். மேலே சொன்ன ஹாரனால் எல்-90 ஒரு புள்ளிகூட அசையாது.

ஆனால் நிற்காமல் ஒலிக்கும் எதுவும் எல்-90-ஐ ஏமாற்றிவிடும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி, செல்போன் டவரின் ஜெனரேட்டர், மழை பெய்த மறுநாள் இரவு கத்தும் தவளைகள். நம் ஊரில் இதில் பெரிய கை சில்வண்டுதான். வண்டுகள் கூட்டமாக இரையும் இரவில் மட்டும் அளந்துவிட்டு அதுதான் பின்னணி என்று எழுதினால், மற்ற மாதங்களில் அங்கே உறங்குகிறவர்களுக்கு அநியாயம். அவற்றின் ஒலி கீச்சென்ற உயர் அலைவரிசையில் இருப்பதால், அலைவரிசை வாரியாகப் பதிவு செய்திருந்தால் அந்தப் பட்டையை நீக்கிவிட்டுப் பார்க்கலாம். இதைவிட முக்கியம் நாள் பார்ப்பது. ஆடி மாதம் அம்மன் கோயிலில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருக்கும்போதோ, மார்கழி விடியலில் பாட்டுப் போடும்போதோ அளந்தால் எண் ஏறிவிடும். பின்னணி எண் ஏறினால் லாபம் யாருக்கு? பின்னால் ரோட்டைப் பெயர்க்க வரும் பிரேக்கர் இயந்திரத்தின் சத்தம் அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியுமே! அதனால் வேலைநாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று என்று, பகலும் இரவும் சேர்த்துத் தொடர்ச்சியாக அளப்பதுதான் முறை. காலை 11 மணிக்கு வந்து 10 நிமிடம் மீட்டரைப் பிடித்துவிட்டுப் போவதைப் பின்னணி அளவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மீட்டரை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தரையிலிருந்து 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் முக்காலி மேல். சுவரிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி. சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து 3 டெசிபல் வரை கூட்டிக் காட்டும். மைக்கின் தலையில் பஞ்சுருண்டை மாட்ட வேண்டும். அப்படியும் காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால், மழை தூறினால், நிறுத்திவிட வேண்டும்.

இனி இயந்திரங்கள் வந்துவிட்டன. மீட்டர் 58 காட்டுகிறது. முன்பே அளந்தபோது 55. இயந்திரத்தின் பங்கு 3 டெசிபலா? இல்லை, 55. 58-இல் இருப்பது 55-இன் இரு மடங்கு ஆற்றல். பாதி பழைய தெரு, பாதி இயந்திரம். வித்தியாசம் 10-க்கு மேல் போனால் பழைய சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம். 3-க்கும் குறைவாக இருந்தால் இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. இங்கே சராசரியிலிருந்து சராசரியைத்தான் கழிக்க வேண்டும். எல்-90-ஐக் கொண்டுவந்து சராசரியில் கழிப்பது பிழை. முன்பு அளக்காத இடத்திலோ, கழிக்க எதுவுமே இல்லை.

மீட்டருக்குள் இருக்கும் 'ஏ' வடிகட்டியையும் சொல்லியாக வேண்டும். அதிர்வு எண்ணிக்கை குறைந்த தாழ்ந்த ஒலிகள் நம் காதில் மந்தமாக விழுவதால், மீட்டரும் அவற்றைக் குறைத்தே கணக்கில் எடுக்கிறது. நொடிக்கு 63 அதிர்வு உள்ள ஒலியில் 26 டெசிபலைக் கழித்துவிடும். வைப்ரேட்டர் ரோலர் தெருவில் ஓடும்போது ஜன்னல் கம்பி நடுங்கும், அடுக்களையில் டம்ளர் கிணுகிணுக்கும். மீட்டரின் எண் பெரிதாக ஏறியிருக்காது. குடியிருப்பவர் மிகைப்படுத்துகிறார் என்று இதை வைத்து முடிவு கட்டக் கூடாது. தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத 'சி' வடிகட்டியிலும் ஒருமுறை அளக்க வேண்டும்.

இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் சார்ந்த அமைதிப் பகுதிக்கு 50, 40. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதியிலும் அமைதிப் பகுதியிலும் சத்தமெழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கவே கூடாது என்று 2010-இல் திருத்தம் வந்தது. வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் கொடுக்கலாம். நல்ல விதிகள்தான். ஆனால் இவை எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவுகோலை நீட்டுகின்றன. அந்தத் தெருவின் சொந்தப் பின்னணியைக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் பாஸ்டனில் 1991-இல் தொடங்கி ஊருக்கு நடுவே நெடுஞ்சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். அங்கே குடியிருப்புகளின் இரவு வரம்பு அந்தந்த இடத்தின் பழைய அளவோடு கட்டப்பட்டது: முன்பு இருந்ததைவிட 5 டெசிபல் வரை கூடலாம், ஏற்கெனவே 70-ஐத் தொட்ட இடமென்றால் 3 மட்டும். வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது கத்துமே, அந்த ஒலிப்பானைக்கூட இரவில் சுற்றுச் சத்தத்துக்கு ஏற்பக் குரலைத் தணித்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். அங்கே சேகரித்த அளவுகள் அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கணிப்பு மென்பொருளில் பிறகு இடம்பெற்றன. அஸ்திவாரத் தூணான பைலை மண்ணுக்குள் அடித்து இறக்கும் இயந்திரம் 15 மீட்டரில் 101 டெசிபல் என்கிறது அந்தப் பட்டியல். தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும்: 30 மீட்டரில் 95, 60-இல் 89, 120-இல் 83. பின்னணி 45 இருக்கும் தெருவில் நான்கு வீடு தள்ளிப் படுத்தாலும் தப்ப முடியாது என்பதை இதிலிருந்தே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் நடந்த ஒரு சாலை வேலையின் அறிக்கை கைக்குக் கிடைத்தது. பின்னணி அளவு 68 என்று போட்டிருந்தது. கிளைத்தெருவில் 68 எப்படி என்று தேதியைப் பார்த்தேன். அதற்கு மூன்று வாரம் முன்பே பிரேக்கர் வந்து பழைய தாரைப் பெயர்க்கத் தொடங்கியிருந்தது. அதாவது வேலையின் சத்தத்தையே வேலைக்கு முந்தைய சத்தமாக எழுதிவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்கள் தெருவில் வேலை வரப்போகிறது என்று தெரிந்தால் அளந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எல்-90 எவ்வளவு, மீட்டர் எந்த இடத்தில் நின்றது, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 94 காட்டியதா என்று பாருங்கள். அறிக்கையே இல்லையென்றால், ஒரே போனை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வைத்து, இயந்திரம் வருவதற்கு முந்தைய சில நாட்கள் குறித்துவையுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இருக்காது, சட்டப்படி செல்லாது. ஆனால் அதே போன் முன்பு காட்டியதற்கும் பின்பு காட்டுவதற்கும் உள்ள ஏற்றத்தை, அளக்க வரும் அதிகாரியிடம் காட்டலாம்.