ஆறு அக்காமார்களின் பிரஷரும் 243 ரப்பர் கொட்டையும்

ஞாயிற்றுக்கிழமை காலை, சுங்கை சிப்புட் பசார் பக்கத்துச் சாப்பாட்டுக் கடை. அக்கா மகள் தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். தாதியர் படிப்பில் கடைசி ஆண்டு. தோட்டத்து லயத்துப் பெண்களை எட்டு வாரம் சாயங்காலத்தில் நடக்க வைத்து, முன்னும் பின்னும் பிரஷர் எடுத்திருக்கிறாள்.

“மாமா, மெனுவுல இத்தனை டெஸ்ட் இருக்கு. ஒண்ணைப் போட்டுப் பார்த்தேன், பி மதிப்பு 0.55னு வருது. 0.05க்குக் கீழ வந்தாத்தானே கணக்குல எடுப்பாங்க? அப்போ எட்டு வாரமும் வீணா?”

மெனுவைப் பார்த்து ஆர்டர் கொடுக்க இது ரொட்டி சானாய் இல்லை. எந்தச் சோதனை என்பது, தகவலைச் சேகரித்த அன்றே பாதி முடிவாகிவிடும். கேட்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: இது அளந்த எண்ணா, எண்ணிய எண்ணா? ஒப்பிடுவது அதே ஆட்களையா, வேறு வேறு ஆட்களையா?

அவளுடைய எண்கள் அவள் சொத்து. அதனால் கணக்குப் புரிய நானே ஆறு அக்காமார்களை உருவாக்கிக்கொள்கிறேன். நடப்பதற்கு முன் மேல் பிரஷர் 128, 150, 136, 162, 141, 155. பிறகு, அதே வரிசையில், 124, 145, 133, 156, 138, 150. சராசரி 145.3இலிருந்து 141க்கு வந்திருக்கிறது.

இவற்றை இரண்டு தனிக் கூட்டங்களாக நினைத்து, இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சாதாரண டி-சோதனை போட்டால், பி மதிப்பு ஏறத்தாழ 0.55. காரணம் எளிது. ஒருத்திக்கு 128, இன்னொருத்திக்கு 162. ஆளுக்கு ஆள் உள்ள அந்தப் பெரிய வித்தியாசத்துக்குள் நாலு புள்ளி இறக்கம் காணாமல் போய்விடுகிறது. ஆனால் அவர்கள் தனிக் கூட்டம் இல்லையே, அதே ஆறு பேர்தானே! ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டால் இறக்கம் 4, 5, 3, 6, 3, 5. ஒருவர்கூட ஏறவில்லை. இணைந்த டி-சோதனையில் பி மதிப்பு 0.001க்கும் கீழே போகிறது. எண் ஒன்றும் மாறவில்லை. யாரை யாரோடு நிறுத்துகிறோம் என்பதுதான் மாறியது.

அவள் முகம் மலர்ந்தது. கொஞ்சம் பொறு என்றேன்.

பி மதிப்பு உண்மையில் என்ன சொல்கிறது என்பதற்கு நம் மலேசியாவிலேயே நல்ல கதை ஒன்று இருக்கிறது. ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்கள், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயில் கொத்துக் கொத்தாகச் செத்த காலம். தோட்டத்துத் தமிழர்களுக்கு அது அதிகம் வரவில்லை. அவர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி, நாம் தின்றது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, அரிசிமீது பழி போட்டார். வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் 1905இல் அதைக் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் சோதித்தார். நோயாளிகளுக்கு வரிசையாக எண் கொடுத்து, ஒற்றைப்படைக்குத் தீட்டிய அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல். இடம்தான் காரணமோ என்ற சந்தேகம் தீர, நடுவில் இரு கூட்டத்தையும் விடுதி மாற்றிப் போட்டார். (அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்குக் கையெழுத்துப் போடாது.) தீட்டிய அரிசி தின்ற 120 பேரில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கல் தின்ற 123 பேரில் ஒருவரும் இல்லை.

இதை ரப்பர் கொட்டையில் செய்து பார்க்கலாம். 243 கொட்டையைக் கோணியில் போடுங்கள். 18 கொட்டையில் கரியால் புள்ளி வையுங்கள். கண்ணை மூடி 120 கொட்டையை அள்ளுங்கள். புள்ளி வைத்த பதினெட்டும் உங்கள் கையிலேயே வர வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் ஆறரை லட்சம் தடவை அள்ளினால் ஒரு தடவை அப்படி நடக்கும். அரிசியால் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இப்படியோ இதைவிடத் தீவிரமாகவோ ஒரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? பி மதிப்பு பதில் சொல்வது இந்த ஒரு கேள்விக்கு மட்டும். ‘என் கருத்து சரியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு’ என்ற கேள்விக்கு அல்ல. படித்தவர்களே தடுக்கி விழும் இடம் இது.

பிரஷர் அளந்த எண்; சாவு எண்ணிய எண். எண்ணிய எண்ணை இப்படி அள்ளிக் கணக்கிடுவதுதான் பிஷரின் துல்லியச் சோதனை; 1930களில் வந்தது. 1900இல் கார்ல் பியர்சன் தந்த கை-வர்க்கச் சோதனை அதற்குக் குறுக்கு வழி. ஒரு கட்டத்தில் ஐந்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் விதி. புழுங்கல் கூட்டத்தின் சாவுக் கட்டத்தில் பூஜ்ஜியத்தைப் பார்த்ததும் கை-வர்க்கம் கூடாது என்று மாணவர்கள் பயப்படுவதுண்டு. ஆனால் விதி பேசுவது, அரிசியால் வித்தியாசம் இல்லை என்றால் நாம் எதிர்பார்க்கும் எண்ணிக்கையைப் பற்றி. 18 சாவை இரு கூட்டத்துக்கும் பங்கு போட்டால் பக்கத்துக்கு ஏறத்தாழ 9. ஐந்துக்குக் குறையாததால் இங்கே அதுவும் செல்லும்.

ஆனால் ஆறரை லட்சத்தில் ஒன்று என்பதும் ‘ஏன்’ என்று சொல்லாது. அரிசியில் நஞ்சு இருக்கிறது என்றே பிராடன் நம்பினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்குகிறது, தீட்டிய அரிசியில் அது போய்விடுகிறது என்ற விளக்கம் பிறகுதான் வந்தது.

அக்கா மகளின் ஆய்வுக்கு வருவோம். என் ஆறு பேர் கணக்கில் இறக்கம் சராசரி 4.3, அதன் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி, அதாவது தகவலோடு ஒத்துப்போகும் இறக்கத்தின் எல்லை, 3.1 முதல் 5.6 வரை. பி மதிப்பைவிட எனக்கு இந்த இடைவெளிதான் பிடிக்கும். எவ்வளவு என்று சொல்கிறது அல்லவா? அடுத்து அவள் கூடவே கேட்டு வைத்த இருபது உணவுப் பழக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போனாள். தடுத்தேன். எதிலும் விஷயம் இல்லாவிட்டாலும், இருபது தனித்தனிச் சோதனை செய்தால் ஒன்றாவது 0.05க்குக் கீழே வர 64 விழுக்காடு வாய்ப்பு.

பெரிய ஓட்டை வேறு. முதல் நாள் கைப்பட்டை இறுகியதும் பதற்றத்தில் பிரஷர் ஏறியிருக்கும். எட்டாவது வாரம் மெஷின் பழகியிருக்கும். நடக்காமல் இருந்தாலும் இறங்கியிருக்கலாம். பிளெட்சரிடம் ஒப்பிட்டுப் பார்க்க, பழைய அரிசியையே தின்ற ஒற்றைப்படைக் கூட்டம் இருந்தது. இவளிடம் அது இல்லை, அதற்கு எந்த டெஸ்ட்டும் ஈடு கட்டாது.

“அப்போ மாமா, எட்டு வாரம் நடக்காம இருக்கிற ஆளை எங்க போய்த் தேடுறது?”

“உங்க அம்மாகிட்டயிருந்து ஆரம்பி” என்றேன்.